பட்டறைக்குத் தெரிந்த வித்தை: மாதிரிக் கார்களும் டெக்கால் ஒட்டும் கலையும்

ஒரு பந்தயக் காரை அதன் எஞ்சினைக் கொண்டோ அடிச்சட்டத்தைக் கொண்டோ இன்னதென்று சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. மற்ற அனைவருக்கும் அதன் நிறமும், மூக்கின் மேல் இருக்கும் எண்ணும், பக்கவாட்டில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும் விளம்பரப் பெயர்களுமே அந்தக் கார். ஆகவே அதைச் சிறிய அளவில் செய்ய முற்படும் மாதிரிக் கலைஞர் உடற்பகுதியின் வளைவுகளை எவ்வளவு நுட்பமாக அமைத்திருந்தாலும், எழுத்தும் எண்ணும் ஏறாத வரையில் அவர் கையில் இருப்பது எந்த ஆண்டுக்கும் எந்த அணிக்கும் உரியதாகாத ஒரு வடிவம் மட்டுமே. அந்த எழுத்தையும் எண்ணையும் மாதிரியின் மேல் ஏற்றுவதற்கு உலகெங்கும் கையாளப்படுவது டெக்கால் எனப்படும் ஒருவகை அச்சு. பார்வைக்கு அது ஸ்டிக்கரைப் போலத் தோன்றினாலும் இரண்டும் வேறு வேறானவை. ஸ்டிக்கரில் பிளாஸ்டிக் தாளும் பசையும் சேர்ந்தே பொருளின் மேல் தங்கிவிடுகின்றன. டெக்காலிலோ, தண்ணீரில் ஊறியதும் தாள் விலகிவிட, மையும் அதைத் தாங்கும் மிக மெல்லிய படலமும் மட்டுமே பொருளின் மேல் இறங்குகின்றன.

மாதிரிக் கார் உலகத்தோடு கொங்கு நாட்டுக்கு ஓர் உறவை ஏற்படுத்தியது 2005-ஆம் ஆண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அந்த ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் மெல்போர்ன் நகரில் ஜோர்டான் அணிக்காகக் களமிறங்கி, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். டொயோட்டா எஞ்சின் பூட்டிய, மஞ்சள் நிறமான அந்த ஈஜே15 காரின் எண் 19. அதன் மேல் ஐரோப்பிய விளம்பரங்களோடு டாடா என்ற பெயரும் இருந்தது. அதே ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், மிஷலின் டயர் பூட்டிய அணிகள் அனைத்தும் பாதுகாப்புக் காரணத்தால் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து அவர் 5 புள்ளிகள் பெற்றார். ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் நிறுவனம் அந்தக் காரை 1/43 அளவில் மாதிரியாக வெளியிட்டது. அதாவது உண்மைக் காரின் 43 சென்டிமீட்டர் மாதிரியில் ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அன்றைய விதிப்படி ஒரு பார்முலா ஒன் காரின் அகலம் 1.8 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 1/43 அளவில் அது 4.2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அந்த அகலத்துக்குள், மூக்கிலும் இறக்கைகளிலும் பக்கவாட்டிலும் எத்தனையோ பெயர்கள், ஒவ்வொன்றும் படிக்கக்கூடிய தெளிவோடு, தத்தமக்குரிய இடத்தில் அமைய வேண்டும்.

இப்படி ஆயிரக்கணக்கில் தொழிற்சாலையில் முடித்து விற்கப்படும் மாதிரிகளில் எழுத்துகளைப் பெரும்பாலும் டேம்போ என்னும் முறையில் அச்சிடுகிறார்கள். செதுக்கிய தகட்டிலிருந்து மையை ஒரு மென்மையான சிலிகான் திண்டு எடுத்து வந்து காரின் வளைவின் மேல் ஒற்றிவிடும் முறை அது. ஆனால் பாகங்களாக வாங்கித் தாமே ஒட்டிப் பெயின்ட் அடித்துச் செய்துகொள்ளும் கிட் வகைகளில், ஜப்பானின் டமியா நிறுவனம் 1967-இல் 1/12 அளவில் வெளியிட்ட ஹோண்டா ஆர்ஏ273 தொடங்கி இன்று வரை, ஆதாரமாக இருப்பது பெட்டிக்குள் வரும் டெக்கால் தாள்தான்.

டெக்காலின் மேன்மை முழுவதும் அதன் மெல்லிய தன்மையில் இருக்கிறது. இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். அச்சு மையும் அதைத் தாங்கும் படலமும் சேர்ந்து 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம் என்று வைத்துக்கொண்டால், 1/43 அளவு மாதிரியில் அது உண்மைக் காரில் 0.86 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை ஒட்டியதற்குச் சமமாகும். அதன் மேல் நிறமற்ற பூச்சு அடித்து அந்த விளிம்பை மறைத்துவிட முடியும். அதற்கு மாறாக, நம் ஊர்களில் பைக்குகளுக்கும் வேன்களுக்கும் வெட்டித் தரும் வினைல் ஸ்டிக்கர் ஏறத்தாழ 80 மைக்ரான் கனமுடையது. அதே மாதிரியின் மேல் அதை ஒட்டினால், உண்மைக் காரில் மூன்றரை மில்லிமீட்டர் பலகையை ஆணியடித்து நிறுத்தியதற்கு ஒப்பாகும். எவ்வளவு அழகாக வெட்டினாலும் அந்த மேடு கண்ணை உறுத்தும். மாதிரிக் கலைஞர்கள் ஸ்டிக்கரை ஒதுக்குவதற்குக் காரணம் இதுதான், வீண் பிடிவாதம் அல்ல.

டெக்கால் தாள் அடுக்கடுக்காக அமைந்தது. அடியில் தண்ணீரை உறிஞ்சும் தாள் இருக்கும். அதன் மேல் டெக்ஸ்ட்ரின் எனப்படும் பசை பூசப்பட்டிருக்கும். மாவுப்பொருளை வறுத்துப் பக்குவப்படுத்திப் பெறுவது டெக்ஸ்ட்ரின். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய நெசவு வட்டாரத்துக்கு மாவுப்பசையின் இயல்பைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் இறுகும், நனைந்தால் இளகும் என்ற அந்த இயல்பின் மேல்தான் டெக்காலின் செயல்பாடு முழுவதும் நிற்கிறது. பசைக்கு மேல் நிறமற்ற வார்னிஷ் போன்ற படலம், அதற்கு மேல் வெண்மை மை, அதற்கும் மேல் மற்ற நிறங்கள். தாள் தண்ணீரில் நனைந்ததும் டெக்ஸ்ட்ரின் இளகி, மேலேயுள்ள படலம் காய்ச்சிய பாலின் ஆடைபோலத் தனியே மிதந்து நகரத் தொடங்குகிறது.

அச்சை ஒரு தாளில் எடுத்து, அங்கிருந்து வேறொரு பொருளுக்கு மாற்றும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர், ஆறு மணி நேரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட மண் ஓடுகளில் இப்படிப் படம் ஏற்றியதாக 1756-இல் உறுதிமொழி ஆவணம் தந்தார்கள். அதன் பிறகு பீங்கான் கோப்பை, சைக்கிள் சட்டம் எனப் பல பொருள்களுக்கு இந்த முறை பரவியது. திருப்பூர் வட்டாரத்தில் முதிய தையற்காரர் வீடுகளில் இன்னும் காணக்கூடிய கறுப்பு சிங்கர், உஷா இயந்திரங்களின் தோளில் மின்னும் பொன்னிறப் பூவேலையும் எழுத்தும் இப்படித் தாளிலிருந்து மாற்றப்பட்டவையே. அவற்றின் மேல் வார்னிஷ் பூசி நிலைப்படுத்தினார்கள். கை பட்டுப் பட்டு அந்தப் பொன் தேய்ந்திருக்கும் இடங்களைக் கூர்ந்து பார்ப்பவருக்கு, மேற்பூச்சு தேயும் வரையில் அச்சும், தேய்ந்த பின் கறுப்பு பெயின்டும் தெரிகிற அடுக்கு முறை தெளிவாகப் புலப்படும்.

நல்ல டெக்கால் தாள்கள் இன்றும் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில்தான் அச்சாகின்றன. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் வேண்டாத இடங்களை அடைத்துவிட்டு, திறந்திருக்கும் கண்கள் வழியாக ரப்பர் பட்டையால் மையைத் தள்ளும் இந்த முறைக்கு 1907-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்றார். இத்தாலியின் கார்டோகிராப் போன்ற டெக்கால் அச்சகங்களின் பெயரைப் பெட்டியின் மேல் பார்த்தாலே மாதிரிக் கலைஞர்கள் கூடுதல் விலை கொடுக்கத் தயங்குவதில்லை. அந்த அச்சகங்களின் அடிப்படை வித்தை என்னவென்று பார்த்தால், அது திருப்பூரின் பிரிண்டிங் பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் வேலையே என்பது விளங்கும்.

பனியன் துணியில் படம் அடிக்கும் பட்டறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம் எடுத்து, ஒவ்வொரு பிலிமுக்கும் ஒரு பிரேம் தயாரித்து, நிறங்கள் ஒன்றோடொன்று விலகாமல் சரியாகப் பொருந்தும்படி அடிக்கிறார்கள். ரிஜிஸ்டர் என்று சொல்லப்படும் அந்தப் பொருத்தம் அரை மில்லிமீட்டர் தவறினாலும் துணி ரிஜெக்ட் ஆகும். கறுப்புத் துணியில் மஞ்சள் படம் வேண்டுமானால் முதலில் ஒயிட் பேஸ் எனப்படும் வெண்மை மையை அடித்து, அதன் மேல்தான் மஞ்சளை அடிக்க வேண்டும், இல்லையேல் மஞ்சள் மங்கிவிடும் என்பது அங்கே வேலை பழகும் சிறுவனுக்கும் தெரியும். டெக்காலில் நிறங்களுக்கு அடியில் வெண்மை அடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். சிவப்புக் காரின் மேல் மஞ்சள் எண் ஒட்டும்போது அடியில் வெண்மை இல்லாவிட்டால் அது ஆரஞ்சு நிறமாகத் தெரியும். வெண்மை நூலிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் போட்டதுபோல அசிங்கமாகிவிடும்.

இதைவிட நெருங்கிய உறவு ஹீட் டிரான்ஸ்பர் லேபிளுக்கும் டெக்காலுக்கும் உண்டு. சட்டையின் கழுத்துக்குள் தைக்கும் துணி லேபிள் உறுத்துகிறது என்பதற்காக, அளவும் கம்பெனிப் பெயரும் சலவை முறையும் துணியிலேயே பதிந்திருக்கும்படி இன்று செய்கிறார்களே, அது ஒரு தாளிலோ பிலிமிலோ முன்னதாக அச்சிடப்பட்டு, சூடான அழுத்தத்தில் துணிக்கு மாற்றப்படுவது. இரண்டிலும் அச்சு ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் வாழப் போகிறது. வேறுபாடு அடுக்கும் வரிசையில் இருக்கிறது: ஹீட் டிரான்ஸ்பரில் தாளைக் கவிழ்த்து அழுத்துவதால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, நிறங்களை முதலிலும் வெண்மையைப் பிறகும், சூட்டில் உருகும் பசையைக் கடைசியிலும் அடிக்கிறார்கள், டெக்காலில் படம் கவிழ்க்கப்படாமல் அப்படியே வழுக்கி இறங்குவதால் எழுத்து நேராகவும், வெண்மை முதலிலும் நிறங்கள் பிறகும் வருகின்றன. ஒன்றை நன்றாகச் செய்யத் தெரிந்தவருக்கு மற்றொன்று எட்டாத தொலைவில் இல்லை.

ஆனாலும் துணி அச்சின் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்துவிட முடியாது. பனியனுக்கு அடிக்கும் பிளாஸ்டிசால் மை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் பதப்பட வேண்டியது, கனமாக நிற்பது. இந்த வேலைக்கு அது உதவாது. ஸ்டிக்கர் அச்சில் கையாளப்படும், காற்றில் உலரும் மெல்லிய மையே தேவை. அதோடு வலையும் நெருக்கமாக வேண்டும்: சாதாரண பனியன் வேலைக்குச் சென்டிமீட்டருக்கு 40, 50 இழைகள் கொண்ட வலை போதுமானால், அரை மில்லிமீட்டர் உயர எழுத்தை உடையாமல் அடிக்க 120 இழையோ அதற்கு மேலோ தேவைப்படும். வீட்டுப் பிரிண்டரில் டெக்கால் அடித்துக்கொள்ளும் வழியும் உண்டு. அதற்கென்றே விற்கப்படும் தாளில் இங்க்ஜெட் பிரிண்டரால் அச்சிட்டு, மை கரையாதிருக்க மேலே கிளியர் ஸ்பிரே அடித்துக்கொள்கிறார்கள். ஆயினும் வீட்டுப் பிரிண்டரால் வெண்மையை அச்சிட முடியாது என்ற ஒரு குறையே அதை வெள்ளைக் கார்களோடும் வெளிர் நிறக் கார்களோடும் நிறுத்திவிடுகிறது. வெண்மை அச்சிடும் வீட்டுப் பிரிண்டரை ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் செய்தது. அந்த உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே அடர்நிறக் கார்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையின் இடத்தை வீட்டுப் பிரிண்டரால் பிடிக்க முடியவில்லை.

அச்சு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் ஒட்டும் கையில்தான் அது வாழ்வதும் கெடுவதும். ஒட்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலையைப் பலர் அற்பமென்று எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன. டெக்கால் ஏறும் பரப்பு கண்ணாடிபோல வழவழப்பாக இருக்க வேண்டும். பளபளப்பற்ற மேட் பெயின்டின் பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களால் ஆனது. படலம் அந்த மேடுகளின் மேல் படுத்துக்கொள்ள, பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்கிறது. சிக்கிய காற்று ஒளியைச் சிதறடிப்பதால், எழுத்தைச் சுற்றியுள்ள நிறமற்ற பகுதி வெள்ளிப் பூச்சுபோல வெளிறித் தெரியும். சில்வரிங் என்று மாதிரிக் கலைஞர்கள் அஞ்சும் குறை இதுவே. மேட் நிறக் காராக இருந்தாலும் முதலில் பளபளப்பான கிளியர் அடித்து, அதன் மேல் டெக்கால் ஒட்டி, கடைசியில் மேட் கிளியர் அடித்து மீண்டும் மங்கலாக்கிக்கொள்வதே முறை. பெயின்ட் அடித்த அன்றே டெக்கால் ஒட்டுவதும் தவறு. உள்ளிருக்கும் தின்னர் முழுவதும் வெளியேறிப் பெயின்ட் இறுகச் சில நாள்கள் விட வேண்டும்.

ஒரு மூக்கு எண்ணை ஒட்டும் வேலையைத் தொடக்கம் முதல் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். எண்ணைச் சுற்றியுள்ள நிறமற்ற படலத்தைப் புதிய பிளேடால் எழுத்தின் விளிம்பை ஒட்டி வெட்டிவிட வேண்டும். படலம் எவ்வளவு குறைகிறதோ, பின்னர் மறைக்கவேண்டிய விளிம்பும் அவ்வளவு குறையும். வெட்டிய துண்டைச் சாமணத்தால் பிடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து, பதினைந்து விநாடிகள் அமிழ்த்தி எடுத்து, ஒரு தாளின் மேல் ஒரு நிமிடம் வைத்திருந்தால் தாளுக்குள் நீர் ஊடுருவிப் பசை இளகிவிடும். தண்ணீரிலேயே ஊறவிடுவது பலரும் செய்யும் பிழை. அப்படி விட்டால் பசை முழுவதும் கரைந்து போய், ஒட்டும் பிடிப்பு இல்லாத வெறும் படலமே மிஞ்சும். இதற்கிடையில் மூக்கின் மேல் ஒரு துளி நீர் தடவிவைக்க வேண்டும். விரல் நுனியால் மெல்லத் தள்ளிப் பார்க்கையில் படலம் தாளின் மேல் அசைந்து கொடுத்தால், தாளை மூக்கின் அருகே கொண்டுபோய், ஈரத் தூரிகையால் படலத்தை மட்டும் அதன் இடத்துக்கு வழுக்கிவிட வேண்டும். தாளிலிருந்து படலத்தை எடுத்துத் தூக்கிவைக்க முயன்றால் அது சுருண்டுகொள்ளும். நீர் இருக்கும் வரையில் எண்ணை இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். காரை முன்னிருந்தும் மேலிருந்தும் பார்த்து, நடுக்கோட்டுக்கு இணையாக நிற்கிறது என்று உறுதியான பின், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீரை ஒற்றி வெளியேற்ற வேண்டும். இதற்குத் துவைத்துப் பிசிறு போன இன்டர்லாக் துணியைவிட நல்ல கருவி இல்லை. பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் விற்கப்படும் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

சமதளத்தில் இவ்வளவே போதும். ஆனால் பந்தயக் காரில் சமதளம் மிகக் குறைவு. காற்றுப் புகும் வாய்கள், கதவு இடுக்குகள், ஒரே நேரத்தில் இரண்டு திசையில் வளையும் பரப்புகள் என்று எங்கும் வளைவே. தட்டையாக அச்சிட்ட படலம் இரட்டை வளைவின் மேல் மடிப்பு விழாமல் படியாது. இதற்கென்று இரு வகைத் திரவங்களை மைக்ரோஸ்கேல், டமியா, கிரியோஸ் முதலிய நிறுவனங்கள் விற்கின்றன. முதல் வகை பரப்பில் தடவப்படுவது. வினிகரின் புளிப்பாகிய அசெட்டிக் அமிலத்தை மிகக் குறைந்த அளவில் கொண்டிருக்கும் இது, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துப் படலத்துக்கு அடியில் நீர் சீராகப் பரவ உதவுகிறது. இரண்டாம் வகை, ஒட்டிய டெக்காலின் மேல் தடவப்படுவது. இதிலுள்ள கரைப்பான்கள் படலத்தையே இளக்கி, இடுக்குகளுக்குள் தாழ்ந்து பதியச் செய்கின்றன. இந்த இரண்டாம் திரவத்தைத் தடவிய சில நிமிடங்களில் டெக்கால் முழுவதும் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்பதைக் கண்டு புதியவர்கள் பதறிப்போய் விரலால் தடவிவிடுகிறார்கள். அந்தக் கணத்தில் படலம் ஈரப் பெயின்ட் அளவுக்கு மென்மையாகிவிட்டிருப்பதால் எழுத்து குழம்பிப்போகிறது. தொடாமல் விட்டுவிட்டால் காயக் காயத் தானே இழுத்துக்கொண்டு பரப்போடு படியும். வளைவு மிகக் கடுமையாக இருக்கும் இடத்தில் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுவதும், மறைவான ஓரத்தில் பிளேடால் ஒரு வெட்டுக் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடுவதும் வழக்கம்.

வெளிநாட்டுக் கையேடுகள் அதிகம் சொல்லாத சில இடர்கள் திருப்பூர் வட்டாரத்துக்கு உண்டு. முதலாவது தண்ணீர். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு மிகுந்த இந்தப் பகுதியில், டெக்காலுக்கு அடியில் சிக்கிய நீர் காயும்போது உப்பு வெள்ளைத் திட்டாகத் தங்கிவிடும். கிளியர் அடித்த பிறகு அதைப் போக்க வழியில்லை. பெட்ரோல் பங்குகளில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரோ, அது இல்லையேல் ஆர்ஓ கேன் தண்ணீரோ மட்டுமே இதற்கு ஏற்றவை. இரண்டாவது பருவநிலை. சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறியின் கீழ் வேலை செய்தால் படலத்தை இடத்தில் நிறுத்தும் முன்னரே நீர் காய்ந்து, நகர்த்தும்போது எழுத்து கிழிகிறது. ஐப்பசி மழை நாள்களில் லாக்கர் அடித்தால் காற்றின் ஈரம் அதில் இறங்கிப் பரப்பு பால்போல வெளுத்துவிடுகிறது. மூன்றாவதும் மிகப் பெரியதுமான இடர் பஞ்சுத்தூசி. நூற்பாலையும் தறியும் கட்டிங் டேபிளும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் காற்றிலேயே இழைகள் மிதக்கின்றன. ஈரக் கிளியரின் மேல் விழுந்த ஒற்றை இழை, 1/43 அளவில் காரின் கூரை மேல் கிடக்கும் கயிறாகத் தெரியும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, பெயின்ட் அடித்த உடனே மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் காரை வைத்துவிடுவதே எளிய காப்பு.

எல்லா டெக்காலும் ஒட்டி, குறைந்தது ஒரு நாள் முழுவதும் காய்ந்த பின், பசையின் கறை தங்காதபடி ஈரத் துணியால் துடைத்து, கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு அடிக்க வேண்டும். முதல் ஓரிரு பூச்சுகள் தூவல்போல மிக லேசாக இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் லாக்கரின் கரைப்பான் டெக்கால் படலத்தைச் சுருட்டிவிடும். பூச்சு போதிய கனம் சேர்ந்ததும் 2000 எண் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, டெக்காலின் விளிம்பு மேடு மறையும் வரை சமப்படுத்தி, ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பு ஏற்றுகிறார்கள். டிங்கரிங் பட்டறையில் உண்மைக் காருக்குச் செய்யும் அதே வேலை இது. ஆனால் தேய்க்கும் விரல் சற்று அழுத்தினாலும், கூர்மையான விளிம்புகளில் பூச்சு தேய்ந்து எழுத்தும் போய்விடும். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் யூரித்தேன் கிளியர் மிகச் சிறந்த பளபளப்பைத் தருகிறது என்றாலும், அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குத் தீங்கானது. கரைப்பான் ஆவியையும் தெளிப்புத் துளிகளையும் வடிகட்டும் முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

உழைப்பு இவ்வளவு கேட்கும் இந்தக் கலையில், எந்தக் காரைச் செய்வது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டெக்கால் தாள் கிடைப்பதே. பெரிய நிறுவனங்கள் உலகச் சந்தையில் விலைபோகும் கார்களைத்தான் கிட் ஆக்குகின்றன. ஜோர்டான் அணியின் கார்களிலேயே, மைக்கேல் ஷூமாக்கர் 1991-இல் முதன்முதலாக ஓட்டிய ஜோர்டான் 191-ஐ டமியா 1/20 அளவில் வெளியிட்டது. ஒரே காருக்கும் பந்தயத்துக்குப் பந்தயம் எழுத்து மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் புகையிலை விளம்பரத் தடை 2005 ஜூலை இறுதியில் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, தடையுள்ள நாடுகளில் ஓடும்போது அணிகள் சிகரெட் பெயர்களை மறைத்தோ திரித்தோ எழுதிக்கொண்டன. கிட் தயாரிப்பாளர்களும் அந்தப் பெயர்களைத் தாளிலிருந்து நீக்கிவிட்டதால், விடுபட்ட எழுத்துகளை மட்டும் அச்சிட்டு விற்கும் சிறு டெக்கால் அச்சகங்கள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் தழைத்தன. ஓரிருவர் நடத்தும் சிறு தொழிலாக, ஒரு காருக்குச் சில நூறு தாள்கள் என்ற அளவில் அவை இயங்குகின்றன என்பதை இங்குள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுத் தடங்களில் ஓடிய கார்களுக்கு அப்படிப்பட்ட தாளைக் காண்பது அரிது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஓடிய கார்கள், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தடம் அமைந்த பின் ஓடியவை, கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்து வடிவமைத்த பார்முலா மாருதி ஆகியவற்றின் நிறங்களும் எண்களும் பெரும்பாலும் பழைய புகைப்படங்களில்தான் இருக்கின்றன. நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்வு தொடங்கியதே பார்முலா மாருதியில்தான். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தின் பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீடுவே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவின் நினைவாகக் கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட கார் அருங்காட்சியகம் பழைய கார்களை நேரில் பார்த்து அளவும் நிறமும் அறியும் வாய்ப்பைத் தருகிறது. புகைப்படம் மங்கிப்போவதற்குள், அந்தக் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர்களும் எழுத்து எழுதியவர்களும் இருக்கும்போதே, இந்த நிறங்களை அளவோடு பதிவுசெய்து வைப்பது பொம்மை ஆசை என்று ஒதுக்கத்தக்க காரியமன்று. இந்த மண்ணின் இயந்திர வரலாற்றை எழுதும் வழிகளில் அதுவும் ஒன்று.

அதற்கு வேண்டிய வலைத்துணி, பிரேம், பிலிம் எடுக்கும் கூடம், நிறம் கலக்கும் கண், ரிஜிஸ்டர் பிசகாத கை ஆகிய அனைத்தும் திருப்பூரைச் சுற்றிய இருபது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரவேண்டியது டெக்ஸ்ட்ரின் பூசிய தாளும், அதற்கேற்ற மையும், நெருங்கிய வலையும் மட்டுமே. விற்பனைக்கு அச்சிடுவதானால் கம்பெனிச் சின்னங்களுக்கு உரியவர்களிடம் அனுமதி பெற வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. ஆர்டர் குறைந்த ஒரு மாதத்தில், சாம்பிள் அடிக்கும் மேசை ஒன்றில், பார்முலா மாருதியின் எண்களும் எழுத்துகளும் கொண்ட ஒரு தாளையேனும் திருப்பூர் வட்டாரத்துப் பட்டறை ஒன்று அடித்துப் பார்க்க வேண்டும். பழைய படங்களை வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைத் தேடியெடுத்துக் கொடுத்து உதவ வேண்டும்.